பதினைந்து மில்லிமீட்டர்

"இன்னும் கொஞ்சம் விரிங்க," என்றாள் கோகிலவாணி.

"இதுக்கு மேல விரிச்சா கை கிழிஞ்சிரும்."

நயினார் சமையலறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இடது கையை ஒரு ஸ்டீல் ஸ்கேலின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார். அவர் மனைவி குனிந்து, ஆள்காட்டி விரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நூத்திப் பதினஞ்சு."

"சரியாப் பாரு. நூத்தி முப்பது இருக்கணும்."

"இருக்கணும்னா இருந்திருமா? நூத்திப் பதினஞ்சு மில்லிமீட்டர்தான் இருக்கு."

நயினார் பெருமூச்சு விட்டார். மும்பை அணுசக்தி நகர்க் குடியிருப்புக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. அத்தனை வருஷமும் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில்தான் வேலை. எத்தனையோ கருவிகளை 'அளவில் பிழை' என்று எழுதித் திருப்பி அனுப்பியவர், இப்போது சொந்தக் கையைத் திருப்பி அனுப்ப வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

குறைந்த அந்தப் பதினைந்து மில்லிமீட்டருக்குக் காரணமான பேஸ் கிட்டார், ஊரிலிருந்து வந்த விருந்தாளி மாதிரி கூடத்துச் சோபாவை முழுக்க அடைத்துப் படுத்திருந்தது.

"அதோட ஸ்கேல் முப்பத்திநாலு இஞ்ச் கோகிலா. அதான் பிரச்சினை."

"ஸ்கேல்னா? இந்தா நம்ம கையில இருக்கே, இதா?"

"இது அளக்குத ஸ்கேல். அது தந்தியோட நீளம். கீழே ஒரு குதிரை இருக்குல்லா, அதுலருந்து மேல தலைப்பக்கத்துக் கட்டை வரைக்கும் தந்தி ஆடுத தூரம். அது கூடக் கூட, நடுவுல குறுக்க இருக்க ஃப்ரெட்டுக் கம்பியெல்லாம் தள்ளித் தள்ளிப் போயிரும். மொத ஃப்ரெட்டுல ஒரு விரலை வச்சா நாலாவதுக்கு எனக்குச் சுண்டுவிரல் எட்டல."

"பழகப் பழக எட்டும். விட்டுராதீங்க," என்றாள் கோகிலவாணி. அவள் குரலில் இருந்த உறுதி நயினாரை நெகிழ வைத்தது.

குடியிருப்புத் தமிழர்கள் செம்பூரில் ஒரு ஹால் பிடித்து வருஷா வருஷம் பொங்கல் விழா நடத்துவார்கள். அதில் ஒரு பாட்டுக் கச்சேரி உண்டு. பதினோரு வருஷமாகப் பாடகர் நயினார்தான். இந்த வருஷம் நவம்பரில், குழுவை நடத்துகிற கீபோர்டு ஜம்பு மாதுங்காவிலிருந்து வீடு தேடி வந்தார்.

"நயினார், பாடறதுக்கு யார் வேணா வருவா. பேஸ் வாசிக்கத்தான் ஆளே இல்லை. பேஸ் இல்லாத பாட்டு, அஸ்திவாரம் இல்லாத பில்டிங்னா! இந்தத் தடவை நீங்கதான் தாங்கணும்."

"அப்ப பாட்டு?"

"ஸ்மிதா பாடட்டுமே. சின்னப் பொண்ணு, ஆசைப்படறா."

"நான் வாசிச்சிக்கிட்டே பாடுதேனே."

ஜம்பு காபி டம்ளரைக் கீழே வைத்தார். யோசித்தார். மறுபடி எடுத்தார்.

"தாராளமாப் பாடுங்கோ. யார் வேண்டாம்னா? ஆனா கை தானா ஓடணும். கையைப் பாக்காம, தப்பில்லாம, தானா ஓடணும். அது ஒண்ணுதான் கண்டிஷன்."

நயினாருக்கு அது போதும். பாடாத பொங்கலை அவரால் நினைத்தே பார்க்க முடியாது. இரண்டு மாதம் இருக்கிறது. கையைப் பழக்கிவிட்டால் வாசித்துக்கொண்டே பாடலாம். இதுவரை பாடகர் என்று மட்டும் சொன்னவர்கள் இனி இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள்.

அவரைவிடக் கோகிலவாணிதான் சுறுசுறுப்பானாள். மாதுங்கா ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் வாத்தியக் கடை வைத்திருக்கும் ஷகீலைப் பற்றி விசாரித்ததும், போகும் முன்பே ஃபோன் செய்து பேசியதும் அவள்தான். தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிப் பையன், நம்பலாம் என்றாள். போனபோது ஷகீல் முப்பத்துநாலு அங்குலத்தைத் தயாராக எடுத்து வைத்திருந்தான். "ஏக்தம் ப்ரொஃபெஷனல் அங்கிள்," என்றான். அப்படித்தான் அது வீடு வந்து சேர்ந்தது.

அது வந்து மூன்று வாரத்தில் நயினார் கற்றுக்கொண்டது, நாக்கைக் கடித்துக்கொண்டு தந்தியை அமுக்குவது மட்டும்தான்.

கை எட்டவில்லை என்றால் கையை நீட்ட வேண்டியதுதான் என்று முடிவுசெய்தார். மறுநாள் காலை ஸ்டாஃப் பஸ்ஸில் ஏறியபோது அவருடைய இடது கை விரலிடுக்குகளில் மூன்று எலுமிச்சம்பழங்கள் செருகப்பட்டிருந்தன.

பக்கத்து சீட்டில் இருந்தவர் மரியாதையாகச் சற்று விலகிக்கொண்டார். "யாரு சார் செஞ்சு வச்சது? வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தான?"

"இது வேற. விரல் விரியணும்."

"விரிஞ்சா?"

"பாடலாம்."

அவர் இன்னும் கொஞ்சம் விலகிக்கொண்டார்.

மூன்றாவது நாள், டிரைவர் திடீரென்று பிரேக் போட்டார். நயினார் பழக்கத்தில் இடது கையால் கம்பியைப் பிடிக்கப் போனார். பழங்கள் இருந்ததால் விரல்கள் மடங்கவில்லை. பழங்கள் பஸ்ஸின் முன்பக்கம் வரை உருண்டு போயின. கூடவே நயினாரும் இரண்டு சீட் தூரம் போனார்.

சுண்டுவிரல் பிசகிவிட்டது. டாக்டர் அதை மோதிர விரலோடு சேர்த்துக் கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அளந்து பார்த்தார்கள்.

"எண்பது," என்றாள் கோகிலவாணி.

பத்து நாளைக்கு அவள் கட்டைச் சுற்றிச் சுடு எண்ணெய் தேய்த்துவிட்டாள். "வலிக்கா? வலிக்கட்டும். விட்டுராதீங்க," என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தாள். நயினாருக்கு வலியைவிட அந்த அன்புதான் தாங்க முடியாமல் இருந்தது. கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் தன் கலைக்கு இவள் இப்படித் துணை நின்றதே இல்லை என்று நினைத்தார்.

கட்டுப் பிரித்ததும் நயினார் தொழிலறிவைப் பயன்படுத்தினார். கை நீளாது, ஆனால் தந்தியைச் சுருக்கலாம் அல்லவா? கேப்போ என்று ஒரு கிடுக்கி உண்டு. எந்த ஃப்ரெட்டில் மாட்டுகிறோமோ அதோடு தந்தி அடங்கிப்போகும். காகிதத்தில் கணக்குப் போட்டார். இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டினால் முப்பத்துநாலு அங்குலம் முப்பதே கால் சொச்சமாகக் குறைந்துவிடும். விரலுக்கு வேண்டிய தூரம் நூற்றுப் பதினைந்தரை மில்லிமீட்டர்.

"கோகிலா! நம்ம கைக்குன்னே செஞ்ச மாதிரி வருது!"

"அப்படியா?" என்றாள் கோகிலவாணி. வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் ஜம்பு வீட்டில் ஒத்திகை. கேப்போ மாட்டிய கிட்டாரோடு நயினார் உற்சாகமாக முதல் பாட்டைத் தொடங்கினார். நாலாவது வரியில் ஜம்பு கையைத் தூக்கினார்.

"நயினார், நீங்க மட்டும் வேற சுருதியில இருக்கேள்."

நயினார் மனப்பாடம் செய்திருந்தது விரல் வைக்கும் இடங்களைத்தான். இடம் நகர்ந்ததும் சுரமும் ஒரு படி மேலே ஏறிவிட்டிருந்தது.

"அப்ப எல்லாரும் ஒரு படி மேல வாங்களேன்," என்றார் நயினார். அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஜம்பு கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டி மேலே வந்துவிட்டார். ஸ்மிதாவால் பட்டனைத் தட்ட முடியாது. ஏற்கெனவே உச்சியில் பாடிக்கொண்டிருந்தவள், அதற்கும் மேலே எட்டிப் பிடித்தாள். மூன்றாவது பாட்டில் அவள் வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"அங்கிள்... கலா பைட் கயா," தொண்டை கட்டிவிட்டது என்று கழுத்தைத் தொட்டுக் காட்டிக் கிசுகிசுத்தாள்.

"பரவால்லம்மா, நீ ரெஸ்ட் எடு. நான் பாடிக்கிடுதேன்," என்றார் நயினார்.

ஜம்பு துள்ளி எழுந்தார். "அதெல்லாம் வேண்டாம்! இன்னிக்கு இது போதும். கேப்போவைக் கழட்டிடுங்கோ."

நயினார் கழற்றவில்லை. சுருதி ஏறியதுதானே குறை? இறக்கிவிட்டால் போயிற்று. வீட்டுக்கு வந்து நாலு தந்தியையும் தளர்த்தினார். சுருதி சரியாக வந்தது. ஆனால் தந்திகள் மழைக்காலத்துத் துணிக்கொடி போலத் தொங்கின. தொட்டால் ஃப்ரெட்டுகளில் மோதி, 'ட்ட்டர்ர்ர்' என்று அதிர்ந்தன. கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியைத் தரையில் வைத்து வாசித்ததால் அந்த அதிர்வு நேராகக் கீழ் வீட்டு வந்தனாவின் கூரைக்குப் போனது.

வந்தனா முதலில் ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தாள். பிறகு வாஷிங் மெஷினை. சத்தம் நிற்கவில்லை. குழாய்க்குள் காற்று புகுந்திருக்க வேண்டும் என்று பிளம்பரைக் கூப்பிட்டாள். அவன் சுவரில் காதை வைத்துக் கேட்டான். "பம்ப்தான், பேரிங் போச்சு," என்று அடித்துச் சொல்லி, கீழே போய் மொத்தக் கட்டடத்துக்குமான பம்பைக் கழற்றிப் பிரித்துப் போட்டான்.

சாயங்காலம் நயினார் முகம் கழுவப் போனார். குழாயில் தண்ணீர் வரவில்லை. இருபத்துநாலு வீடுகளும் வாளியோடு மாடிப்படியில் நின்றன. பம்ப் பிரிந்து கிடந்தும் சத்தம் ஏன் நிற்கவில்லை என்று எல்லோரும் விவாதித்துக்கொண்டிருந்தபோது, அவர் கையில் கிட்டாரோடு கதவைத் திறந்து, "என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டார்.

அதோடு கேப்போவும் போயிற்று.

பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நயினார் முதல்முறையாகச் சோர்ந்துபோனார். அன்று சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார். "ஜம்புகிட்டச் சொல்லிரலாம்னு பாக்கேன். எனக்கு இது வராது கோகிலா. பழையபடி பாட்டே பாடிட்டுப் போறேன்."

கோகிலவாணியின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்தது.

"நாளைக்கே ஷகீல் கடைக்குப் போறோம்," என்றாள். "வேற கிட்டார் மாத்திக்கிடலாம். எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம். நீங்க மட்டும் விட்டுராதீங்க."

கடையில் ஷகீல் பழைய கிட்டாரை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அந்த நேரத்தில் நயினாரின் கண், சுவரில் தொங்கிய சின்னதாக ஒன்றின் மேல் பட்டது. எடுத்து மடியில் வைத்தார். பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். முப்பது அங்குலம். ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் வைத்தார். சுண்டுவிரல் தானாகப் போய் நாலாவதில் உட்கார்ந்தது. யாரோ பிடித்து உட்கார வைத்த மாதிரி இருந்தது.

வாசித்தார். கையைப் பார்க்காமல் வாசித்தார். தோள் இறங்கியது, மூச்சு சீரானது, கடித்திருந்த நாக்கு விடுபட்டது. அவரை அறியாமல் பாட்டு வந்துவிட்டது. பல்லவி, அனுபல்லவி தாண்டிச் சரணத்துக்குப் போனார். தெருவில் போன ஒரு டாக்ஸி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயிற்று.

உள்ளேயிருந்து ஓடிவந்த ஷகீல் அப்படியே நின்றான். கோகிலவாணியைப் பார்த்தான். கோகிலவாணி மின்விசிறியைப் பார்த்தாள்.

"இதுதான் தம்பி!" என்றார் நயினார். கண் கலங்கியிருந்தது. "இத்தனை நாளு எங்க இருந்திச்சி இது? இதையே குடுங்க."

"சீச்சீ, பொம்மை மாதிரி இருக்கு," என்றாள் கோகிலவாணி. "மேடையில நீங்க நின்னா கையில என்ன வச்சிருக்கீயன்னே தெரியாது. ஹால்ல எரநூறு பேரு இருப்பாங்க."

"கைக்குச் சுகமா இருக்கே."

"சுகமா இருந்தா அது கலையா? நீங்களே சொல்லுங்க தம்பி."

ஷகீல் தொண்டையைச் செருமினான். "ஆன்ட்டி சொல்றது சஹி அங்கிள். அது பச்சா லோக், சின்னப் பசங்க வாசிக்கிறது. நீளம் கம்மியா இருந்தா அடித்தந்தி லூசா இருக்கும், சத்தம் கொழகொழன்னு வரும். உங்க லெவலுக்கு..." என்று இழுத்தபடி மூலையிலிருந்து ஒரு பெரிய உறையைத் தூக்கி வந்தான். ஐந்து தந்தி. முப்பத்தைந்து அங்குலம்.

"இது முன்னதைவிடப் பெருசால்லா இருக்கு!"

"கழுத்து மெலிசு அங்கிள். நீளத்தைப் பாக்காதீங்க. தந்தி டைட்டா நிக்கும். லைட்டாத் தொட்டாலே ஹால் அதிரும்."

நயினார் டேப்பை விரித்தார். நூற்று முப்பத்துநாலு மில்லிமீட்டர். பற்றாக்குறை பத்தொன்பதாக ஏறியிருந்தது. ஐந்தடி மூன்றங்குல உயரத்தில் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். ஏணியைத் தூக்கிக்கொண்டு போகிறவர் போல இருந்தது.

"அய்யோ, என்ன கம்பீரம்!" என்றாள் கோகிலவாணி.

கல்யாணத்தன்று பட்டு வேட்டியில் பார்த்தபோதுகூட அவள் அப்படிச் சொன்னதில்லை. நயினார் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டார்.

அடுத்த பதினோரு நாள் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. இடது கையை முழுக்க நீட்டினால்தான் முதல் ஃப்ரெட் வரும். நீட்டினால் வலது கை தந்தியை விட்டு விலகிவிடும். இரண்டையும் பிடித்தால் மூச்சு முட்டும். திரும்பும்போது கிட்டாரின் தலை ஜம்புவின் கீபோர்டில் இரண்டு முறையும், ஜம்புவின் தலையில் ஒரு முறையும் இடித்தது. ஜம்பு கோபப்படவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டே, "பிரமாதம், இப்படியே போகட்டும்," என்றார்.

"ரெண்டு சுரம்தான் ஒழுங்கா எட்டுது ஜம்பு."

"ரெண்டு ஜாஸ்தி! பேஸுக்கு அதுக்கு மேல யார் கேக்கறா? நான் அந்த ரெண்டுல அடங்கற பாட்டாவே பாத்து எடுக்கறேன்."

"கடைசிப் பாட்டுல மட்டும் நான் ஒரு வரி..."

"கை தானா ஓடறதா?"

நயினார் மறுபடி முதல் ஃப்ரெட்டை எட்டிப் பிடித்தார்.

விழா நாள் வந்தது. செம்பூர் ஹால் நிறைந்திருந்தது. நயினார் நாக்கைக் கடித்துக்கொண்டு, கண்ணை ஃப்ரெட்டிலிருந்து எடுக்காமல், அந்த இரண்டு சுரங்களையும் ஒன்றே முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றி அமுக்கினார். வியர்வை கண்ணில் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. தொண்டை ஆறியிருந்த ஸ்மிதா பாடிக்கொண்டே போனாள். அவள் என்ன பாடினாள் என்றுகூட அவர் காதில் விழவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்ததும்தான் நிமிர்ந்தார். ஹாலில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை. பதினோரு வருஷமும் பாதிக் கச்சேரியிலேயே பசி வந்து பந்திக்கு ஓடுகிற கூட்டம், இன்று எழுந்து நின்று கைதட்டியது. சமையல்காரர்கள் பாயசம் ஆறிவிட்டதே என்று கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். விழாக் குழுத் தலைவர் மேடையேறி நயினாருக்குச் சால்வை போட்டார். காதோரமாக, "அடுத்த வருஷமும் நீங்க இதையேதான் வாசிக்கணும்," என்று கேட்டுக்கொண்டார்.

முன்வரிசையில் கோகிலவாணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவளை அவர் பார்த்ததே இல்லை. அந்தக் கணத்தில் நயினாருக்கு ஓர் உண்மை புரிந்தது. பாட்டில் கிடைக்காத கைதட்டல் வாத்தியத்தில் கிடைத்திருக்கிறது. சுகத்தைத் தேடாமல் கஷ்டத்தைத் தேடிப் போனதற்குக் கிடைத்த பலன்.

அடுத்த ஞாயிறு காலை, நன்றி சொல்ல ஷகீல் கடைக்குப் போனார். கோகிலவாணி எதிர்ச்சாரியில் பூ வாங்க நின்றுவிட்டாள். ஷகீல் சரக்கெடுக்கத் தாதருக்குப் போயிருந்தான். கல்லாவில் அவன் தங்கை அஃப்ஷா ஒரு கிட்டாருக்குத் தந்தி மாட்டிக்கொண்டிருந்தாள். நயினார் அவளை இதற்கு முன் பார்த்ததில்லை. பெயரைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

"ஓ, முப்பத்தஞ்சு இஞ்ச் அங்கிளா! ஃபங்ஷன் எப்படிப் போச்சு?"

"ஹாலே எந்திச்சி நின்னுச்சும்மா. ஒங்க அண்ணன்கிட்டச் சொல்லணும். அன்னைக்கு மட்டும் அவரு நான் கேட்ட அந்தச் சின்ன கிட்டாரைக் குடுத்திருந்தா, நான் சாதாரண ஆளாவே போயிருப்பேன். கைக்கு எது சுகம்னு பாக்காம, கலைக்கு எது ஒசத்தின்னு பாத்தாரு பாரு, அதுதான் அறிவு. எப்படித்தான் கண்டுபிடிச்சாரோ!"

அஃப்ஷா தந்தியை முறுக்குவதை நிறுத்திவிட்டு அவரைக் குழப்பத்தோடு பார்த்தாள்.

"அண்ணன் எங்க கண்டுபிடிச்சான்? அவன் மொத நாளே உங்களுக்குன்னு அந்தச் சின்னதைத்தான் எடுத்துத் துடைச்சு வச்சிருந்தான் அங்கிள். ஆன்ட்டிதான் மறுபடி ஃபோன் பண்ணி, 'கை எட்டாத கிட்டாராப் பாத்துக் குடுங்க தம்பி, கை எட்டிச்சின்னா வாயைத் தொறந்து பாட ஆரம்பிச்சிருவாரு'ன்னு சொன்னாங்க."